கூலி இல்லாத நாளின் இனிப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வேலையிலிருந்து திரும்பியவள், கைப்பையைக்கூட வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் நேராகச் சமையலறைக்குப் போய், அரிசி மாவு டின்னைத் திறந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன். பசி ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் யாராவது சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்திருந்தால்கூட உள்ளே இறங்கியிருக்காது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் நவம்பர் மழை கூரையை உடைத்துக்கொண்டிருந்தது. குடை இருந்தும் பாதி நனைந்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகை வருமா, கெட்ட வார்த்தை வருமா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட நாள்களில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். பால் கொழுக்கட்டைக்கு மாவு பிசைவேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளின் கணக்கை எழுதுவது என் வேலை. எடைமேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சீட்டு உண்டு. அந்தச் சீட்டுகளைக் கோத்து, கூட்டி, மாதக் கடைசியில் மூடிக் கொடுக்க வேண்டும். அன்று காலை அக்டோபர் மாதக் கணக்கு 4,180 ரிங்கிட் உதைத்தது. என்னைவிடப் பதினான்கு வயது இளையவரான மேலாளர், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளின் முன்னால், இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்தும் கூட்டல் வரவில்லையா என்று கேட்டார். பகல் முழுவதும் சீட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு தேடினேன். மாலை நாலே முக்காலுக்குத்தான் அகப்பட்டது: நான் விடுப்பில் இருந்த ஒரு நாளில் அவரே கணினியில் ஏறி, ஒரே சீட்டை இரண்டு முறை பதிந்திருந்தார். இரண்டு பதிவுகளையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. மஞ்சள் நிறத்தில், மேல் நோக்கி நிற்கும் ஒற்றைக் கட்டைவிரல். அவ்வளவுதான்.

திட்டு வாங்கியது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்தக் கட்டைவிரல்தான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

எங்கள் குடும்பத்தில் பால் கொழுக்கட்டை பண்டிகைப் பலகாரம் அன்று. தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் அதிரசமும் உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் உண்டு. பிறந்த நாளுக்குக் கேசரி. பால் கொழுக்கட்டைக்கு மட்டும் நாள்காட்டியில் இடம் இல்லை. அது கூலி இல்லாத நாளுக்கு உரியது.

நான் 1971இல், இந்த ஊரிலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். மரம் வெட்டுகிறவர்களின் வீட்டில் மழைக்கு ஒரு தனிப்பொருள் உண்டு என்பது அதைப் பார்த்து வளராதவர்களுக்கு எளிதில் புரியாது. வெயில் ஏறுவதற்கு முன்பு, மரத்தின் உள்ளே நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால், வெட்டுக்கோட்டின் வழியே மங்கு என்னும் கோப்பைக்கு வர வேண்டிய பால் ஈரப்பட்டையெங்கும் பரவி வழிந்து வீணாகிவிடும். ஆகவே மரம் காயும் வரை பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் காத்திருப்பார்கள். எட்டு மணி வரை காயவில்லை என்றால், கங்காணி வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். வேலை இல்லை, வேலை இல்லாததால் கூலியும் இல்லை.

அதைவிடக் கொடியது வெட்டி முடித்த பிறகு வரும் மழை. முந்நூறு, நானூறு மரங்களையும் நெற்றிவிளக்கோடு சுற்றி வந்து வெட்டி, மங்குகளில் பால் நிறைந்துகொண்டிருக்கும் வேளையில் ஒன்பது மணிக்கு வானம் பிளந்துகொண்டால், மழைநீர் மங்குகளை நிரப்பிப் பாலை வெளியே தள்ளிவிடும். வாளியில் மிஞ்சுவது வெள்ளைத் தண்ணீர்தான். நல்ல பாலிலேயே ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தப் பங்கை வைத்துத்தான் பால் நிறுக்கும் ஸ்டோரில் கணக்கு எழுதுவார்கள். மழைநீர் கலந்த பாலுக்கு என்ன எழுதுவார்கள்? அப்படிப்பட்ட நாள்களில் அப்பா, உளியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியபடி, தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்து, வீட்டு முன்புற அஞ்சடியில் கிடக்கும் மரப்பலகையில் உட்கார்ந்துவிடுவார். யாரோடும் பேசமாட்டார். நாங்களும் பேசக்கூடாது. தகரக் கூரையின் சத்தத்துக்கு நடுவே, தோட்டத்துக் கடையில் இந்த மாதப் பற்று எவ்வளவு ஏறியிருக்கும் என்று அம்மா வாய்க்குள் கூட்டுவது மட்டும் உதட்டசைவில் தெரியும்.

கூட்டி முடித்ததும் அம்மா எழுந்து இடியப்பத்துக்கு வறுத்துவைத்த மாவை எடுப்பார். வீட்டின் பின்னால் ஒரு தென்னைமரம் இருந்தது. வடிகாலின் இரு பக்கமும், வாசத்துக்குப் போடும் பாண்டான் இலை புதராக மண்டிக் கிடந்தது. அலமாரியில் எப்போதும் ஒரு துண்டு குலா மலாக்கா என்னும் தென்னங்கருப்பட்டி எறும்புக்குத் தப்பித் தண்ணீர்த் தட்டில் நின்றுகொண்டிருக்கும். காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியது எதுவுமே இல்லை. இந்த ஒரு காரணத்தால்தான் அது கூலி இல்லாத நாளின் பலகாரமாயிற்று என்று வெகுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாவைப் பிசைந்து, நடுக்கூடத்தில் பாயை விரித்து, "வாங்க, உருட்ட வாங்க" என்று எங்கள் மூவரையும் அம்மா கூப்பிடுவார். உருண்டை சுண்டைக்காயைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக உருட்டினால் கையில் ஒரு தட்டு விழும். இந்த அளவு பாட்டி வைத்த சட்டம். 1948 ஜூன் மாதம் இந்த வட்டாரத்தில் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் தொடங்கி, அது 1960 வரை நீடித்தபோது, அரிசிக்கும் சீனிக்கும் கட்டுப்பாடு இருந்தது. முள்வேலிக்கு வெளியே, காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு எடுத்துச் செல்கிறார்களா என்று வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் கைப்பிடி மாவை வைத்து ஐந்து பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்ய நேர்ந்த பாட்டி, உருண்டை சிறுத்தால் எண்ணிக்கை பெருகும், எண்ணிக்கை பெருகினால் பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள் என்று கண்டுபிடித்தாராம். நாங்கள் எண்ணிப் பார்த்துத்தான் சண்டை போட்டோம் என்பது வேறு கதை.

அரை மணி நேரம் கழித்து, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் வந்து பாயின் ஓரத்தில் உட்காருவார். அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மரப்பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், உள்மரத்தில் காயம் படாமல், ஒரே சரிவில் சீவிப் பழகிய கை அது. காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுபடி வெட்ட உதவாது. கங்காணியிடமும் திட்டு விழும். அந்தக் கை மாவைக் கிள்ளினால் ஒவ்வொரு கிள்ளும் ஒரே எடையாக இருக்கும். நாங்கள் உருட்டியவை நெல்லிக்காயும் மிளகுமாக உருண்டு கிடக்க, அப்பாவின் தட்டில் மட்டும் ஒரே அச்சில் வார்த்தவை போல் வரிசை வரிசையாக நிற்கும். தம்பி அதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் மரவரிசையைச் சொல்வதுபோல், "அப்பா நிரை பிடிச்சிட்டாரு" என்று சொன்னபோது அவர் சிரித்தார். காலையிலிருந்து அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் ஓசை அதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குத் திரும்புகிறேன். டின்னில் கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே மாவு இருந்தது, அது போதும். மாவில் உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, ஐந்து நிமிடம் மூடிவைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். வெந்நீர் என்பதில் சலுகை கிடையாது. கோதுமை மாவில் இருக்கும் பசைப்பிடிப்பு அரிசி மாவில் இல்லை. கொதிநீர் பட்டு மாவின் ஒரு பகுதி வெந்தால்தான் அது ஒன்றோடொன்று ஒட்டும். கல்யாணமான புதிதில் நான் வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, உருண்டைகள் அத்தனையும் பானையில் கரைந்து கஞ்சியாகிப்போக, மாமியார் அதைக் குடித்துவிட்டு, "கஞ்சி நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரோடு எனக்குக் கடைசி வரை சண்டை வரவில்லை.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடிவைத்து, சாப்பாட்டு மேசையில் பெரிய தட்டோடு உட்கார்ந்தேன். முதல் இருபது உருண்டைகள் ஒன்றும் சரியாக வரவில்லை. கோபத்தில் கை தேவைக்கு மேல் அழுத்தியது. உருள வேண்டியது தட்டையாகி வட்டுப்போல் விழுந்தது. வாய் அசையாமல் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். நேரில் ஒருபோதும் வராத தெளிவோடும் அடுக்குமொழியோடும், வருடக்கணக்குகளோடும் மேற்கோள்களோடும், அவரை நிற்க வைத்து நான் கேட்ட கேள்விகளைச் சட்டமன்றத்தில் கேட்டிருந்தால் ஆட்சியே கவிழ்ந்திருக்கும். ஆனால் உருண்டைக்கு ஓர் இயல்பு உண்டு. இடது உள்ளங்கையில் மாவை வைத்து வலது கையின் மூன்று விரல்களால் சுழற்றும்போது, எந்த நொடியில் அது முழு உருண்டையாகிறது என்பதைத் தோல்தான் சொல்லும். அந்த நொடியைக் கவனிக்காவிட்டால் ஓரத்தில் ஒரு வெடிப்பு விழும். வெடிப்பைச் சரிசெய்யக் கவனம் போனால் பேச்சு அறுந்துவிடும். அறுந்த இடத்திலிருந்து தொடங்குவதற்குள் அடுத்த உருண்டையில் வெடிப்பு. அறுபதாவது, எழுபதாவது உருண்டை வரும்போது என் சொற்பொழிவு எந்த இடத்தில் நின்றது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இடையில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. மாவுக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். இது யாருடைய விரலோ என்று அது திறக்க மறுத்துவிட்டது. எனக்கும் நல்லதாய்ப் போயிற்று.

மூன்றாவது முறை அழைத்தது கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள். முழங்கையால் தட்டிக் காணொளியில் பேசினேன். என் முகத்தைப் பார்த்ததும், "என்னம்மா, யாரு என்ன சொன்னா?" என்றாள்; பிறகு தட்டைப் பார்த்து, "ஓ, உருட்டுற அளவுக்கா?" என்றாள். அவளுக்கு மனம் சரியில்லை என்றால் ஒரு குவளையில் மாவும் சீனியும் கொக்கோ பொடியும் பாலும் கலந்து மைக்ரோவேவில் வைத்து, இரண்டு நிமிடத்தில் கேக் செய்து, அந்தக் குவளையிலேயே சாப்பிட்டுவிடுவாள். நானும் ஒருமுறை அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ருசியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு அது பயன்படாது. இரண்டு நிமிடத்தில் முடிகிற பலகாரத்தில், கோபம் இருந்த இடத்தில் அப்படியே இருக்க, வாய் மட்டும் இனித்துவிட்டு ஓய்ந்துபோகிறது. குறைந்தது ஒன்றேகால் மணி நேரம் எடுக்காத எதையும் நான் மனக்கஷ்டத்துக்கான பலகாரமாக ஒத்துக்கொள்வதில்லை. மகள் இதைக் கிழட்டுப் பிடிவாதம் என்கிறாள். இருக்கலாம்.

தட்டு நிறைந்ததும் இனிப்பின் வேலை. தமிழ்நாட்டில் இதே பலகாரத்தை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துச் செய்கிறார்கள். மலாயாவுக்குக் கப்பல் ஏறி வந்தவர்களின் அடுப்பில் வெல்லத்தின் இடத்தைக் குலா மலாக்காவும் ஏலக்காயின் இடத்தைப் பாண்டான் இலையும் பிடித்துக்கொண்டன. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைத்து எடுப்பதால்தான் அது உருளைத் துண்டாக இருக்கிறது. நல்ல குலா மலாக்காவைக் கத்தியால் சீவினால் ஈரமணல்போல் உதிரும். புகையும் சற்று உப்பும் கலந்த ஒரு வாசம் எழும். கல்லைப்போல் இறுகிக் கத்தியை வழுக்கச் செய்தால் அதில் வெள்ளைச் சீனி தாராளமாகக் கலந்திருக்கிறது என்பது என் அனுபவம். நான் வாங்கிவைத்திருந்தது நல்ல சரக்கு. இருநூறு கிராமைச் சீவி, அரைக் குவளை தண்ணீரில் கரைத்து, வடிகட்டிவைத்தேன். வடிகட்டாமல் விட்டால் பாளைச் சருகும் தூசியும் பல்லில் அகப்படும்.

எங்கள் தோட்டத்தில் "பால்" என்று தனியாகச் சொன்னால் அது மரத்துப் பால்தான்; மாட்டுப் பாலுக்கு "மாட்டுப் பால்" என்று சொல்ல வேண்டும், தேங்காய்க்குத் "தேங்காய்ப் பால்". இந்தப் பலகாரத்தின் பெயரைச் சிறுவயதில் நான் எப்படிப் புரிந்துகொண்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர்ப் பாலை ஊற்றித்தான் அம்மா கொழுக்கட்டை செய்கிறார், அதனால்தான் அது மெல்லும்போது இழுபடுகிறது என்று பள்ளியில் ஒரு சிநேகிதியிடம் சொல்லி, அவளும் நம்பினாள். பெரியவளாகி யோசித்தபோது, அந்த எட்டு வயதுப் பேதைமையிலும் ஒரு பொருத்தம் இருந்ததாகத் தோன்றியது. மரத்துப் பாலும் தேங்காய்ப் பாலும் அமைப்பில் உறவுக்காரர்கள். ஒன்றில் ரப்பர்த் துகள்களும் மற்றதில் எண்ணெய்த் துளிகளும் தண்ணீரில் மிதக்கின்றன. இரண்டிலும் அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் ஒரு மெல்லிய புரதப் படலம் காவல் நிற்கிறது. காவல் குலைந்தால் பால் திரிந்துவிடும். மங்கிலேயே உறைந்துவிடக்கூடாது என்பதற்காகப் பாலில் சில சொட்டு அம்மோனியா விடுவார்கள். ஸ்டோருக்கு வந்த பிறகு உறைய வேண்டும் என்பதற்காக ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். தேங்காய்ப் பாலுக்கு அமிலம்கூடத் தேவையில்லை. சூடு 80 பாகையைத் தாண்டிக் கொதிக்க விட்டாலே அந்தப் புரதம் கட்டிபட்டு, எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும். ஒருநாள் அம்மா கவனம் தப்பிக் கொதிக்கவிட்டு, பானை முழுக்கத் திரிதிரியாக நின்றபோது, அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆசிட்டு எவ்வளவு ஊத்துன? ஷீட்டு அடிச்சிடலாமா?" என்று கேட்டார். அம்மா கரண்டியோடு அவரை அஞ்சடி வரை துரத்தினார்.

ஆகவே முதல் பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் தனித்தனி நேரம் உண்டு. இரண்டாம் பாலில் தண்ணீர் சேர்த்து, மூன்று பாண்டான் இலைகளை முடிச்சுப் போட்டுப் போட்டு, கொதி வந்ததும் உருண்டைகளில் மூன்றில் ஒரு பங்கைப் போட வேண்டும். போட்டவுடன் கரண்டியை உள்ளே விடக்கூடாது; மேல்தோல் வேகும் முன் கரண்டி பட்டால் உருண்டை உடைந்து பால் கூழாகிவிடும். அடியில் போய் உட்கார்ந்தவை இரண்டு மூன்று நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். வந்த பிறகு அடுத்த பங்கு. எல்லாம் வெந்து முடிந்த பிறகுதான் குலா மலாக்காப் பாகு. முதலிலேயே இனிப்பைச் சேர்த்தால் உருண்டை உள்ளே வேகாமல் இறுகிவிடும். கடைசியில் அடுப்பை அணைக்கும் தறுவாயில், கட்டியான முதல் பாலும் ஒரு சிட்டிகை உப்பும். உப்பை விட்டுவிடாதீர்கள். உப்பில்லாத பால் கொழுக்கட்டை, சிரிக்கத் தெரிந்தும் சிரிக்காதவர்களைப் போல் இருக்கும்.

பானையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் நான் எதைப்பற்றியும் நினைக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் ஒன்று எழுந்தது. பிறகு இரண்டு. பிறகு மொத்தமாக, பால் மேற்பரப்பு தெரியாதபடி, வெள்ளை வெள்ளையாக மேலே வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நான் கோபத்தில் அழுத்திய தட்டை உருண்டைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. ஒரே நேரத்தில் மேலே வந்துவிட்ட பிறகு அவற்றை எனக்கு அடையாளம் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

வாசம் போன வேகத்தில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி குடையோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். அவரோடு நான் மலாயில்தான் பேசுவேன். டிசம்பர் 22ஆம் தேதியை ஒட்டி வரும் அவர்களுடைய குளிர்காலத் திருநாளில் புளுட் என்னும் பசையரிசி மாவில் உருட்டிச் சீனிப்பாகில் போடும் தாங் யுவானை எங்கள் வீட்டுக்கு வருடந்தோறும் கொடுப்பார். என்னுடையதைப் பார்க்கும்போதெல்லாம், இது எங்களுடையதுதான், நீங்கள்தான் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கெடுத்துவிட்டீர்கள் என்பார். இரண்டாவது கிண்ணமும் கேட்பார். அன்றும் அதையே சொன்னார். மூடி போட்ட பாத்திரத்தில் நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

என் கணவருக்குக் கால் கிண்ணம்தான். 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அவர். குலா மலாக்கா மரத்துச் சர்க்கரைதானே, அது ஏறாது என்று அவருடைய நண்பர்கள் தேநீர்க்கடையில் மருத்துவம் பார்க்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி நாம் கடையில் வாங்கும் சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. கால் கிண்ணத்தை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணிச் சாப்பிட்டார். நான் அஞ்சடியில் நாற்காலி போட்டு, மழையைப் பார்த்தபடி முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், அதற்குள் எனக்கு இனிப்பின் தேவை தீர்ந்திருந்தது, பசிதான் இருந்தது.

காசில்லாத காரணத்தால்தான் அம்மா கூலி இல்லாத நாளில் இதைச் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருந்ததாக மேலே எழுதினேன். அதே மாவில், அதே தேங்காயில், பத்து நிமிடத்தில் புட்டு அவித்திருக்கலாம். அதற்கும் காசு வேண்டியதில்லை. புட்டுக்கு யாரையும் பாயில் உட்கார வைக்க வேண்டியிராது. அப்பா அஞ்சடியிலேயே இருந்திருப்பார். அம்மாவிடம் இதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், மழைக்கு வேறென்ன வேலை என்று சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை குளிர்பெட்டியில் இருந்த மிச்சம் களிபோல் இறுகியிருந்தது. அது அப்படித்தான் இறுகும். கொஞ்சம் வெந்நீரும் ஒரு கை தேங்காய்ப் பாலும் விட்டுச் சிறு தீயில் இளக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். தூக்குச்சட்டியில் ஊற்றி வேலைக்குக் கொண்டுபோனேன். புதிதாகச் சேர்ந்த மூன்று பிள்ளைகளும் அதைச் சுற்றி நின்று சாப்பிட்டார்கள். நான் திட்டு வாங்கியபோது தலையைக் குனிந்துகொண்ட அந்தப் பெண், "அக்கா, இத்தனையும் நீங்க ஒருத்தரா உருட்டுனீங்க?" என்று கேட்டாள், உருட்டியது எதனால் என்று கேட்கவில்லை, கெட்டிக்காரப் பெண். காப்பி கலக்க வந்த மேலாளர் தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு கரண்டி இருந்தது. வழித்து ஒரு குவளையில் போட்டு நீட்டினேன். நின்றபடியே சாப்பிட்டார். தட்டை உருண்டை ஒன்று அவர் கரண்டியில் போனதை நான் பார்த்தேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாயில் இன்னும் மென்றுகொண்டிருந்தபடியால் பேச முடியாமல், என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.